அம்மாவும் பெரியம்மாவும் போன்ல பேசிகிட்டே ஒரே வீடியோவ பாக்கணும், என்னா வழி?

சுங்கை_பொண்ணு:

வணக்கம் எல்லாருக்கும். நாங்க மலேசியாவுல, சுங்கை சிப்புட். டவுன்ல இல்ல, டவுன்ல இருந்து மோட்டோல இருபது நிமிஷம் உள்ள போகணும், முன்ன பால்மரத் தோட்டம், இப்ப சுத்தி முழுக்க செம்பனை. பழைய லயத்து வீட்டத்தான் பின்னாடி கொஞ்சம் இழுத்துக் கட்டி இருக்கோம். அம்மாவுக்கு 71 வயசு. அவங்க அக்கா, எங்க பெரியம்மா, 76. அவங்க மவன் வீட்டோட மாசாய்ல இருக்காங்க, இங்க பேராக்குல இருந்து அங்க ஜொகூருக்குப் போகணும்னா பஸ்லயே ஒரு பகல் போயிடும், அதனால வருஷத்துக்கு ஒரு தடவ தீவாளிக்குப் பாத்துக்கிட்டா உண்டு.

பல வருஷமா இவங்களுக்கு ஒரு பழக்கம். ராத்திரி எட்டு மணி ஆனா பெரியம்மா கால் பண்ணுவாங்க, ரெண்டு பேரும் அவங்கவங்க வீட்டு டிவில ஒரே சீரியல வச்சுக்கிட்டு போன காதுலயே வச்சு பேசிகிட்டே பாப்பாங்க. "ஏய் பாத்தியா, அவ சாவிய எங்க வைக்கிறா பாரு"ன்னு இந்தப் பக்கம், "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு அந்தப் பக்கம். இந்த வருஷம் செலவு கூடிப்போச்சுன்னு எங்க வீட்டு டிவி சந்தாவ நிறுத்திட்டோம், அம்மாவும் சரின்னுட்டாங்க, எனக்கென்னா யூடியூப்ல எல்லாந்தான் வருதேன்னாங்க. உண்மதான், தெருக்கூத்து, பட்டிமன்றம், தமிழ்நாட்டு கிராமத்துல பாட்டிங்க மண்சட்டில மீன் கொழம்பு வைக்கிற வீடியோ, எல்லாம் பாக்குறாங்க. ஆனா அக்காவோட சேந்து பாக்க முடியல, அங்கதான் பிரச்சன.

சாதாரண கால் போட்டா அம்மா போன்ல வீடியோ அப்படியே சுத்திகிட்டே நிக்குது. நான் கவனிச்சுப் பாத்தேன், கால் போகுறதுக்கு முன்ன மேல 4ஜின்னு இருக்கு, பெரியம்மா எடுத்த உடனே அது E-ன்னு மாறிடுது, கால் வச்ச உடனே திரும்ப 4ஜி. வாட்சாப் கால் போட்டா வீடியோ ஓடுது ஆனா வீடியோ சத்தம் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி கேக்குது, சில நேரம் பெரியம்மா பேசுன உடனே வீடியோ தானா நின்னுடுது. போன தைப்பூசத்துக்கு பத்துமலை நேரலைய ரெண்டு பேரும் பாத்தாங்க, பெரியம்மா அங்க டிவில பாக்குறாங்க, அம்மா இங்க போன்ல, பெரியம்மா "அரோகரா"ன்னு கும்புட்டு முடிச்சு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் அம்மாவுக்கு அதே ரதம் வருது. அம்மா முகமே வாடிப்போச்சு. "அக்கா எல்லாத்தயும் முன்னயே பாத்துடுறா"ன்னு சின்னப்புள்ள மாதிரி சொன்னாங்க.

அம்மா போன் என் தம்பி வெளிநாட்டுல வேல செஞ்சப்ப வாங்குனது, ஆண்ட்ராய்டு, கொஞ்சம் பழசுதான். வீட்டுல ஒரு டேப்லெட் இருக்கு, புள்ளைங்க ஸ்கூலுக்கு வாங்குனது. வைஃபை கிடையாது, ஃபைபர் எங்க பக்கம் இன்னும் வரல, சிம் போடுற மோடம் ஒண்ணு வாங்கலாமான்னு யோசிக்கிறோம். தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

கிள்ளான்_அத்தை:

தங்கச்சி கோவிச்சுக்காதம்மா, மனசுல பட்டத சொல்றேன். பேசுனா பேசணும், வீடியோன்னா வீடியோ பாக்கணும். ரெண்டயும் ஒண்ணா போட்டு கொழப்புனா ரெண்டும் இருக்காது. எம்மவன் கோத்தா கினபாலுல படிக்கிறான், வாரத்துல ரெண்டு தடவ வீடியோ கால் பண்ணுவான், முகத்த பாத்து பேசுவோம்னு நானும் சமையல எல்லாம் முடிச்சிட்டு குளிச்சு பொட்டு வச்சு உக்காருவேன். அவன் கண்ணாடி போட்டிருக்கான். அந்தக் கண்ணாடியில சின்ன சின்னதா வெளிச்சம் மாறி மாறி ஓடுது, நீலம், செவப்பு, திரும்ப நீலம். கட்டவிரல் மட்டும் மேல மேல தள்ளிகிட்டே இருக்கு. நான் பக்கத்து வீட்டு அக்கா ஆஸ்பத்திரியில இருக்குற கதைய சொல்லிகிட்டு இருக்கேன், அவன் "ஓ அப்படியா மா நல்லா இருக்கு"ங்கிறான். என்னா நல்லா இருக்கு? நான் அன்னைக்கு போன வச்சிட்டு அழுதேன். அதனாலதான் சொல்றேன், கால் போடுறப்ப வீடியோவ பக்கத்துலயே விடாதீங்க.

சுங்கை_பொண்ணு:

அத்தை, நீங்க சொல்றது வேற, படிச்சிட்டு எனக்கே தொண்டைய அடச்சது. அவன் உங்கள விட்டுட்டு தனியா எதயோ பாக்குறான். இவங்க அப்படி இல்ல, ரெண்டு பேரும் ஒரே பக்கம் பாக்குறாங்க, பேசுறதுக்கு அதுதான் விஷயமே. அந்தக் காலத்து ஆளுங்களுக்கு தனியா படம் பாக்குறதுன்னா என்னான்னே தெரியாது அத்தை. அம்மா சொல்லுவாங்க, மாசத்துக்கு ஒரு தடவ சம்பளம் போட்டதுக்கு அப்புறம் தோட்டத்து திடல்ல படம் காட்டுவாங்களாம், வேன்ல மெஷின் வரும், ரெண்டு மரக்கம்பு நட்டு வெள்ளத்துணி கட்டுவாங்க, அஞ்சு மணிக்கே புள்ளைங்க ஓடிப்போய் பாய் விரிச்சு எடம் புடிச்சு வச்சிடணும். பெரியம்மாதான் எடம் புடிப்பாங்க, அம்மாவுக்கு அக்கா மடி. துணிக்கு அந்தப் பக்கம் உக்காந்தா எழுத்தெல்லாம் திருப்பி தெரியுமாம், லேட்டா வர்றவங்க அங்கதான் உக்காருவாங்களாம். கச்சாங் பூத்தே, அதான் வறுத்த கடல, பொட்டலம் ஒண்ணு வாங்கி ரெண்டு பேரும் ஒண்ணு ஒண்ணா எண்ணி திம்பாங்களாம். பயங்கரமான காட்சி வந்தா பெரியம்மா கையால அம்மா கண்ண மூடிடுவாங்க, அப்புறம் என்னா நடந்துச்சுன்னு காதுல சொல்லுவாங்க. நான் இப்ப சரிபண்ண பாக்குறது அந்த காதுல சொல்றதத்தான்.

லைன்_வேலை_பேராக்:

தங்கச்சி, அந்த E-ன்னு மாறுறத கவனிச்சு எழுதுனீங்க பாருங்க, பாதி வேல முடிஞ்சது. நான் டவர் பக்கம் பதினஞ்சு வருஷமா வேல செய்யுறேன், விளக்கமா சொல்றேன், கொஞ்சம் நீளம்தான் பொறுத்துக்குங்க.

4ஜின்னு வந்தப்ப அது டேட்டாவுக்குன்னு கட்டுன லைன். சாதாரண கால் அதுல நேரா போகாது, கால் வந்தா போன் 4ஜிய விட்டுட்டு கீழ 3ஜிக்கோ 2ஜிக்கோ எறங்கி அதுல பேசிட்டு முடிஞ்சதும் திரும்ப மேல ஏறும். 3ஜியா இருந்தா பேசிகிட்டே டேட்டாவும் ஓடும், மெதுவா ஓடும் ஆனா ஓடும். நம்ம நாட்டுல 2021 டிசம்பர் 31-ஓட 3ஜிய மூடிட்டாங்க, ஜென்டெலா திட்டத்துல அது ஒரு பகுதி, 3ஜிய மூடி 4ஜிய பெருசாக்குறதுக்கு. அதுக்கு அப்புறம் கால் எறங்குனா எறங்குறதுக்கு 2ஜி மட்டுந்தான் மிச்சம். E-ங்கிறது அந்த 2ஜி டேட்டா. அதுல பேசுறப்ப பெரும்பாலான போன்ல டேட்டா அப்படியே தூங்கிடும், வீடியோ சுத்தாம என்னா பண்ணும்? உங்க அம்மா போன்லயோ கார்டுலயோ பழுது ஒண்ணும் இல்ல.

இதுக்கு மருந்து வோல்டிஇ. அதாவது காலும் 4ஜிக்குள்ளயே போகுறது. அது ஆன்ல இருந்தா கால் எடுத்ததுக்கு அப்புறமும் மேல 4ஜின்னே நிக்கும், வீடியோவும் ஓடும், குரலும் தெளிவா இருக்கும், ரிங் போகுறதும் சீக்கிரம். செட்டிங்ல மொபைல் நெட்வொர்க்குக்குள்ள போய் பாருங்க, வோல்டிஇ இல்ல 4ஜி காலிங்னு ஒரு பட்டன் இருக்கும். ஆனா ஒண்ணு, வெளிநாட்டுல வாங்குன போன்னு சொல்றீங்க, அதுல பட்டன் இருந்தாலும் நம்ம ஊர் கம்பெனி லைனோட அது ஒத்துக்காம போகலாம், இது அடிக்கடி நடக்குறது. அந்த சிம்ம வேற போன்ல போட்டு கால் பண்ணி பாருங்க. அந்தப் போன்ல 4ஜி நிக்குதுன்னா உங்க போன்தான் பிரச்சன. எந்தப் போன்ல போட்டாலும் எறங்குதுன்னா சிம்ம மாத்தணும், ரொம்ப பழைய சிம்மா இருந்தா கடையில கேட்டா புதுசு தருவாங்க, நம்பர் மாறாது.

இன்னொரு விஷயம், உங்க பக்கம் எனக்கு நல்லா தெரியும், சுண்ணாம்புக்கல் மலை நெறய. மலைக்குப் பின்னாடி விழுந்த எடத்துல 4ஜி கோடு ஒண்ணு ரெண்டுதான் நிக்கும். அங்க வாட்சாப்ல முகம் காட்டி பேசிகிட்டு வீடியோவும் பாக்குறது ரெண்டு மாட்ட ஒரே ஆளு இழுக்குற மாதிரி. முகத்த அடச்சுடுங்க, குரல் மட்டும் போதும். யூடியூப்ல தரத்த 360க்கு எறக்கி வைங்க, டேப்லெட்ல பாக்க அது தாராளம். சிம் போடுற மோடம் வாங்குறதா இருந்தா வாங்குறதுக்கு முன்ன வீட்ட சுத்தி போன கையில வச்சுகிட்டு நடந்து பாத்து எந்த ஜன்னல்ல கோடு கூட வருதோ அந்த எடத்த குறிச்சு வச்சுக்குங்க, மோடத்த அங்க வைக்கணும், டிவி பக்கத்துல அழகா இருக்குன்னு வைக்கக் கூடாது.

ஜொகூர்_ஷிப்ட்:

அக்கா நான் சிங்கப்பூர்ல ஷிப்ட் வேல, சம்சாரம் பீடோர்ல மாமியார் வீட்டுல, கொழந்த பொறந்ததுல இருந்து ஒரு வருஷமா இதே கதைதான் எங்களுக்கும், எல்லாத்தயும் பண்ணி பாத்துட்டேன்.

வாட்சாப்லயே ஸ்கிரீன் ஷேர் இருக்கு, 2023 ஆகஸ்ட்ல வந்தது. வீடியோ கால் போட்டுட்டு கீழ இருக்குற பட்டன்ல அம்பு போட்ட போன் படம் மாதிரி ஒண்ணு இருக்கும், அத தட்டுனா உங்க போன்ல என்னா ஓடுதோ அது அவங்களுக்குத் தெரியும். மொதல்ல படம் மட்டுந்தான் போச்சு, 2024-ல இருந்து சத்தமும் சேந்து போகுது. அதோட நல்லது என்னான்னா ரெண்டு பேருக்கும் ஒரே வீடியோ, பெரியம்மா ஒண்ணுமே தட்ட வேணாம். கெட்டது என்னான்னா உங்க வீட்டுல இருந்து வெளிய அனுப்புற லைன் நல்லா இருக்கணும், நமக்கு கீழ எறங்குற வேகம் இருக்கும் மேல ஏத்துற வேகம் இருக்காது, தோட்டத்துல இருந்து ஷேர் பண்ணா பெரியம்மாவுக்கு கட்டம் கட்டமா தெரியும். அதனால லைன் நல்லா இருக்குற பக்கம் ஷேர் பண்ணணும், உங்க விஷயத்துல மாசாய்ல இருக்குற அண்ணன் வீட்டுல வைஃபை இருந்தா அங்க இருந்து.

ரெண்டு பக்கமும் ஐபோனா இருந்தா ஃபேஸ்டைம்ல ஷேர்பிளேன்னு ஒண்ணு இருக்கு, 2021-ல ஐஓஎஸ் 15.1-ஓட வந்தது, அது வேற மாதிரி, வீடியோவ அனுப்பாது, ரெண்டு போனும் தனித்தனியா இறக்கிக்கும் ஆனா ஒரே நொடியில ஓடும், ஒருத்தர் நிறுத்துனா ரெண்டு பக்கமும் நிக்கும். எந்த ஆப்புல பாக்குறீங்களோ அது அதுக்கு ஒத்துக்கணும், காசு கட்டுற ஆப்பா இருந்தா ரெண்டு பேரும் கட்டியிருக்கணும். காசு கட்டுற ஆப்ப வாட்சாப்ல ஷேர் பண்ணலாம்னு நெனச்சீங்கன்னா பெரும்பாலும் கருப்பா தெரியும், சத்தம் மட்டும் வந்தாலும் வரும், அது கோளாறு இல்ல, திருட்டுத்தனமா எடுக்கக் கூடாதுன்னு அவங்களே பூட்டி வைக்கிறது. நான் அது தெரியாம மூணு நாள் போன ஆஃப் பண்ணி ஆன் பண்ணிகிட்டு இருந்தேன்.

கடைசியில நாங்க என்னா பண்றோம்னா ரொம்ப சாதாரணம். அவ ஒரு போன்ல வீடியோ, நான் ஒரு போன்ல வீடியோ, ரெண்டு பேரும் அதே லிங்க திறந்து நிறுத்தி வச்சுக்குவோம், கால்ல "ஒண்ணு ரெண்டு மூணு"ன்னு எண்ணி ஒண்ணா தட்டுவோம். ஒண்ணு மட்டும் கவனம், விளம்பரம். அவளுக்கு ஒண்ணு வரும் எனக்கு ரெண்டு வரும், அதனால மொதல்ல ரெண்டு பேரும் விளம்பரத்த ஓட விட்டு படம் ஆரம்பிச்ச உடனே நிறுத்தி 0:05-ல வச்சுகிட்டு அப்புறம் எண்ணணும். நடுவுல விளம்பரம் வந்தா முன்ன இருக்குறவங்க நிறுத்தி காத்திருக்கணும். நேரலைய மட்டும் இப்படி சேக்க முடியாது அக்கா, டிவில வர்றது ஒரு நேரம், போன்ல வர்றது அதுக்கும் பின்னாடி. ரெண்டு பேரும் ஒரே ஆப்புல போன்ல பாத்தா கொஞ்சம் கிட்ட வரும். ரதம் முடிஞ்சதும் அதே சேனல்ல பதிவு இருக்கும்ல, அத எண்ணி ஆரம்பிச்சா "அரோகரா" ஒண்ணா வரும்.

பழைய_கிராணி:

ஸ்கிரீன் ஷேர் பத்தி தம்பி சொன்னது சரி. அதுல ஒரு எச்சரிக்க சொல்லாம என்னால போக முடியல.

நான் தோட்டத்து ஆபீஸ்ல கிராணியா, அதான் குமாஸ்தாவா, இருந்து ஓய்வு வாங்குனவன். எங்க தாமான் குடியிருப்புல ஒரு அம்மா, கணவர் எறந்து வந்த ஈபிஎஃப் சேமநிதி காச பேங்குல போட்டு வச்சிருந்தாங்க. ஒரு நாள் யாரோ வாட்சாப்ல வீடியோ கால் போட்டு, உங்க கணக்குல பிரச்சன, நான் காட்டித்தரேன் இந்த பட்டன தட்டுங்கன்னு சொல்லியிருக்கான். தட்டுனது ஸ்கிரீன் ஷேர். அப்புறம் காச அனுப்புறதுக்கு பேங்க் குடுக்குற ரகசிய எண், டேக் நம்பர், இவங்க போன் மேல வந்து எறங்குது, அத இவங்க படிச்சு சொல்லவே வேணாம், அவன் அந்தப் பக்கம் பாத்துகிட்டே இருக்கான். காலையில போய் பாக்குறப்ப கணக்குல ஒண்ணும் இல்ல. அந்த அம்மா எங்க வீட்டு வாசப்படியில உக்காந்து பேங்க் புத்தகத்த மடிச்சு மடிச்சு பிரிச்சத இன்னும் மறக்க முடியல. எங்க அப்பா காலத்துல பால் வெட்டுன காசுல வாய கட்டி வயித்த கட்டி நிலநிதி கூட்டுறவுச் சங்கத்துல பங்கு வாங்குனாங்க, தோட்டத்து ஜனங்க சேந்து தோட்டம் வாங்குறதுக்குன்னு 1960-ல ஆரம்பிச்ச சங்கம், மந்திரியா இருந்த நம்ம சுங்கை சிப்புட்டு சம்பந்தன் ஊர் ஊரா தோட்டம் தோட்டமா போய் சேத்தது. பத்து வெள்ளிய (ரிங்கிட்) எடுக்க பத்து தடவ யோசிச்ச ஜனங்க. அவங்க புள்ளைங்க காசு ஒரு பட்டன்ல போகுது.

அதனால அம்மாவுக்கு இத சொல்லிக்கொடுக்குறப்பவே சேத்து சொல்லிடுங்க. அக்கா நம்பர்ல இருந்து வந்த கால்ல மட்டுந்தான் அந்த பட்டன், வேற யார் சொன்னாலும் தட்டக் கூடாது, பேங்க்னு சொன்னாலும் போலீஸ்னு சொன்னாலும். முடிஞ்சா அம்மா போன்ல இருந்து ஷேர் பண்ணவே வேணாம், பேங்க் ஆப்பு இல்லாத டேப்லெட்ல இருந்து பண்ணுங்க. அப்படி ஏதாவது நடந்துட்டா உடனே பேங்குக்கும் 997-க்கும் கூப்புடணும். மோசடிக்குன்னே 2022-ல ஆரம்பிச்ச நம்பர் அது. காலையில பாத்துக்கலாம்னு விடக்கூடாது, காசு ஒரு கணக்குல இருந்து அடுத்த கணக்குக்கு தாவுறதுக்குள்ள நிறுத்தணும்.

சுங்கை_பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒரு வாரமா ஒவ்வொண்ணா செஞ்சு பாத்துட்டு வந்து எழுதுறேன்.

மொதல்ல லைன் அண்ணன் சொன்ன மாதிரி அம்மா சிம்ம என் போன்ல போட்டேன். கால் பண்ணேன், 4ஜி அப்படியே நிக்குது! வீடியோவும் ஓடுது. அப்ப போன்தான். தம்பி வாங்குன அந்த அம்மா போன்ல பட்டன் இருக்கு, ஆனா ஆன் பண்ணாலும் கால் வந்தா E-தான். புது போன் வாங்குறதுக்கு இப்ப கையில இல்ல, அதனால என்னா பண்ணோம்னா அம்மா போன்ல கால் மட்டும், டேப்லெட்ல வீடியோ மட்டும், டேப்லெட்டுக்கு என் போன்ல இருந்து ஹாட்ஸ்பாட். அந்தப் போன் 2ஜில கெடந்தா கெடக்கட்டும், குரல் போகுதுல. ஜன்னல் ஓரம் கோடு கூட வருதுன்னு போன் எல்லாத்தயும் சமையக்கட்டு ஜன்னலுக்கு மாத்திட்டேன், இப்ப ரெண்டு பேரும் கூத்து பாக்குறது சமையக்கட்டுல.

ஸ்கிரீன் ஷேரும் பண்ணி பாத்தோம், மாசாய்ல இருந்து அண்ணன் பண்ணாரு, படம் நல்லா வந்துச்சு, ஆனா அண்ணன் வேலைக்குப் போய்ட்டா பெரியம்மாவால அத ஆரம்பிக்க முடியல, அப்புறம் அம்மாவுக்கு நிறுத்தணும்னு தோணுனப்ப நிறுத்த முடியல. கிராணி ஐயா சொன்னத அம்மாகிட்ட சொன்னேன், ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு "அந்த பட்டன எனக்கு காட்டாத"ன்னுட்டாங்க. அதுவே நல்லதுன்னு விட்டுட்டேன்.

எண்ணி தட்டுறதுதான் அவங்களுக்கு புடிச்சிருக்கு. லிங்க நான் ரெண்டு பேருக்கும் அனுப்பிடுறேன், பெரியம்மா பக்கம் பேத்தி வச்சுக் குடுக்குது. மொத நாள் பெரியம்மா மூணு சொல்றதுக்கு முன்னயே தட்டிட்டாங்க, அம்மா "நீ எப்பயுமே இப்படித்தான், ஓட்டப்பந்தயத்துலயும் இப்படித்தான் ஓடுன"ன்னு அறுபது வருஷத்து சண்டைய எடுத்தாங்க. ரெண்டாவது தடவ சரியா வந்துச்சு. கூத்துல கட்டியங்காரன் வந்து ஒரு வார்த்த சொன்னான், ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல சிரிப்பு. அம்மா கண்ணு டேப்லெட்ட பாக்கல, ஜன்னலுக்கு வெளிய பாத்து சிரிச்சுகிட்டு இருந்தாங்க.

இப்ப ஒரே ஒரு கொற. அம்மா டேப்லெட் சத்தம் கால்ல நொழஞ்சு பெரியம்மாவுக்கு கேக்குது, பெரியம்மா வீட்டு சத்தம் இங்க கேக்குது, ஒவ்வொரு வசனமும் ரெண்டு தடவ வருது, கோயில் ஒலிபெருக்கி மாதிரி. தம்பியோட ப்ளூடூத் இயர்போன ஒரே போன்ல போட்டு பாத்தோம், கால் வந்த உடனே வீடியோ பாட்டு தகரத்துல தட்டுற மாதிரி ஆகிடுது. ஏன் அப்படி?

லைன்_வேலை_பேராக்:

ரெண்டுக்கும் காரணம் இருக்கு. ப்ளூடூத்துக்கு ரெண்டு விதமான வேல தெரியும். பாட்டு மட்டும் கேக்குறப்ப ஒரு பக்கமா நல்ல தரத்துல ரெண்டு காதுக்கும் அனுப்பும். கால் வந்தா மைக்கும் வேணும், போகவும் வரவும் ரெண்டும் வேணும், அதனால பேச்சுக்குன்னு இருக்குற ஒல்லியான தரத்துக்கு எறங்கிடும். அந்த நேரத்துல பாட்டும் அதே ஒல்லி கொழாய் வழியாத்தான் வரணும், தகரம் மாதிரி கேக்காம எப்படி கேக்கும். வயர் இயர்போன்ல அந்த எறக்கம் கிடையாது, பாசார் மாலாம் ராச்சந்தையில அஞ்சு பத்து வெள்ளிக்கு கெடக்குறதே போதும்.

ரெட்ட சத்தம் எதனாலன்னா, போன்ல எதிரொலிய அடக்குற வேல ஒண்ணு இருக்கு, ஆனா அது அந்தப் போன் ஸ்பீக்கர்ல வர்ற சத்தத்த மட்டுந்தான் அடக்கும். டேப்லெட்ல வர்றது அதுக்கு தெரியாது, அம்மா பேசுற மாதிரியே நெனச்சு அனுப்பி வச்சிடும். காலுக்கு வயர் இயர்போன், ஒரே காதுல. மைக் வாய் கிட்ட வந்துடும். டேப்லெட் சத்தத்த கொறச்சு அம்மாவுக்கு ஒரு கை தூரத்துல வைங்க. ஒரு பக்கம் மட்டும் பண்ணா பாதி போகும், ரெண்டு பக்கமும் பண்ணா முழுசா போகும்.

கிள்ளான்_அத்தை:

தங்கச்சி, நான் மொதல்ல அப்படி எழுதிட்டு அப்புறம் உன் திடல் கதைய நாலு தடவ படிச்சேன். போன சனிக்கெழம மவன் கால் பண்ணான், வழக்கம்போல கண்ணாடியில வெளிச்சம் ஓடுது. நான் கோவப்படல. "என்னாடா பாக்குற, எனக்கும் காட்டு"ன்னேன். திடுக்குன்னு போன கவுத்துட்டான், ஒண்ணும் இல்லம்மாங்கிறான். இல்லடா நெசமாத்தான் கேக்குறேன், ரெண்டு பேரும் சேந்து பாக்கலாம்னு ஜொகூர் தம்பி சொன்னத சொன்னேன். பேட்மிண்டன் மேட்ச் பாத்துகிட்டு இருந்திருக்கான், முந்தின நாள் நடந்தது. லிங்க் அனுப்பினான், எண்ணி தட்டுனோம். எனக்கு ஆட்டம் தெரியாது, எதுக்கு பாயிண்ட், எது வெளிய போச்சுன்னு கேட்டுகிட்டே இருந்தேன், அவன் சலிக்காம சொன்னான், ரெண்டாவது செட்டுல என்னைய அறியாம நானே கத்திட்டேன். ஒண்ணேகால் மணி நேரம். எங்க வீட்டுல கால் பத்து நிமிஷத்துக்கு மேல போனதே கெடையாது. ஆட்டம் முடிஞ்சதும் அவனா கேட்டான், அந்த ஆஸ்பத்திரி அக்கா எப்படி இருக்காங்கன்னு. அப்ப அன்னைக்கு அவன் காதுல கொஞ்சம் விழுந்துதான் இருக்கு.

ஜொகூர்_ஷிப்ட்:

அத்தை சூப்பர். மேட்ச் பாக்குறப்ப ஒண்ணு சொல்லி வைக்கிறேன், கீழ கமெண்ட்ட ரெண்டு பேருமே திறக்காதீங்க, யார் ஜெயிச்சான்னு மொத வரியிலயே எழுதி வச்சிருப்பாங்க.

சுங்கை_பொண்ணு:

வயர் இயர்போன் ரெண்டு வாங்குனேன், ஒண்ணு அம்மாவுக்கு, ஒண்ண பெரியம்மாவுக்கு பஸ் பார்சல்ல போட்டு அனுப்பினேன், நேத்துதான் போய் சேந்துச்சு. அம்மாவுக்கு அது காதுல நிக்கல, தோடு இடிக்குதுன்னாங்க, அந்தத் தோடு அப்பா போட்டது, கழட்ட மாட்டாங்க, அதனால தோடு சின்னதா இருக்குற எடது காதுக்கு மாத்தி வயர முந்தானையில ஒரு ஊக்கு குத்தி வச்சேன், இப்ப கீழ விழல. ரெட்ட சத்தம் போயே போச்சு. பெரியம்மா மூச்சு விடுறது கூட கேக்குதுன்னு அம்மா சொல்றாங்க, "அக்காவுக்கு சளி புடிச்சிருக்கு, அவன்கிட்ட சொல்லி கிளினிக் கூட்டிட்டு போகச் சொல்லு"ன்னு என்ன உடனே அண்ணனுக்கு மெசேஜ் போட வச்சுட்டாங்க.

நேத்து தைப்பூசப் பதிவ ஆரம்பத்துல இருந்து வச்சோம். கோலாலம்பூர் மாரியம்மன் கோயில்ல இருந்து வெள்ளி ரதம் கெளம்புறது. நான் அடுப்புல இருந்தேன், பாக்கல. அம்மா சத்தமும் இயர்போன் வழியா சன்னமா பெரியம்மா சத்தமும் ஒண்ணா "அரோகரா"ன்னு வந்துச்சு. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல, ரதம் மூலைய திரும்புற வரைக்கும் பேசல, நான் கால் கட்டாகிப்போச்சோன்னு வந்து பாத்தேன். கட்டாகல. அம்மா கைய தூக்கி கும்புட்டபடியே இருந்தாங்க, பக்கத்துல தட்டுல கச்சாங் பூத்தே, பாதி தனியா ஒதுக்கி வச்சிருந்துச்சு.